பாறைக்குப் போகுமுன் கடலைப் படிப்போம்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சுதான்: "கன்னியாகுமரிக்கு ஒரு நாள் போய் வரலாமா?" செலவு குறைவு. காலையில் ரயில் ஏறினால் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். ஊரிலிருந்து உறவினர் வந்திருந்தால் அவர்களுக்கும் சுற்றிக் காட்டியதாயிற்று. கடல் நடுவே இரண்டு பாறைகள், ஒன்றில் விவேகானந்தர் மண்டபம், மற்றொன்றில் வள்ளுவர் சிலை, போய்வரப் படகு. பிள்ளைகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நான் இருப்புப்பாதைத் துறையில் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். படித்தது பட்டயப் படிப்பு. மற்றதைப் பாலங்களும் ஆறுகளும் கற்றுக்கொடுத்தன. விடுமுறை நாட்களில் நம் சங்கத்துப் பிள்ளைகளைக் குமரிக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் ஏறக்குறைய ஒரே விதமான கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றுக்கு ரயிலிலும் படகிலும் நான் சொன்ன விடைகளையே இங்கு ஒழுங்குபடுத்தித் தருகிறேன்.

இக்கட்டுரையின் கருத்து ஒன்றுதான். அந்தப் பாறைகளைச் சுற்றியுள்ள நீர் ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று தெரிந்துகொண்டு போகிறவர்களுக்கு இந்தப் பயணம் நல்ல பாடமாகும். தெரியாமல் போகிறவர்களுக்கு ஆண்டில் சில நாட்கள் அது உயிருக்கே உலை வைக்கும்.

போகும் வழி

பாறசாலையிலிருந்து கன்னியாகுமரி ரயில் பாதையில் அறுபது கி.மீ.க்குள்தான். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குச் செல்லும் இந்த அகலப்பாதை 1979ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு நம் பகுதி மக்கள் குமரிக்குப் போக வேண்டுமானால் பேருந்தைத்தான் நம்பியிருந்தார்கள்.

பாறசாலை நிலையத்தை விட்டு வண்டி புறப்பட்டு, குழித்துறை வருவதற்குள் கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. தண்டவாளத்தில் எந்தக் கோடும் தெரியாது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, திருவிதாங்கூரின் அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அதனால்தான் நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் வீட்டில் தமிழும் பேசி வளர்கிறார்கள். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. இரண்டு மொழி தெரிந்த பிள்ளைக்குக் கடலைப் படிப்பது எவ்வளவு எளிது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டு பாறைகள்

கரையிலிருந்து ஏறக்குறைய அரை கி.மீ. தொலைவில் இருக்கும் பெரிய பாறைக்கு ஸ்ரீபாதப் பாறை என்பது பழைய பெயர். குமரி அம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்த இடம் என்பது மக்கள் நம்பிக்கை. 1892 டிசம்பர் மாத இறுதியில் சுவாமி விவேகானந்தர் இப்பாறையில் மூன்று நாட்கள் தியானத்தில் அமர்ந்திருந்தார். அவர் நினைவாக ஏகநாத் ரானடே அவர்களின் பெருமுயற்சியால் எழுந்த மண்டபத்தை 1970 செப்டம்பர் 2ஆம் நாள் குடியரசுத் தலைவர் வி. வி. கிரி திறந்து வைத்தார்.

அருகிலுள்ள சிறிய பாறையில் நிற்பவர் திருவள்ளுவர். 1979இல் அன்றைய பிரதமர் மொரார்ஜி தேசாய் அடிக்கல் நாட்டினார். சிலை வேலை 1990இல் தொடங்கியது. கணபதி ஸ்தபதி அவர்களின் கைவண்ணத்தில் உருவான சிலை 2000ஆம் ஆண்டின் முதல் நாளில் திறக்கப்பட்டது. பீடம் 38 அடி, சிலை 95 அடி, ஆக மொத்தம் 133 அடி. இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். திருக்குறளில் அறத்துப்பாலுக்கு 38 அதிகாரங்கள், பொருட்பாலுக்கு 70, இன்பத்துப்பாலுக்கு 25. அறத்தின் மீது பொருளும் இன்பமும் நிற்கின்றன என்பதையே கல்லில் அளந்து வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 7,000 டன் எடையுள்ள இக்கற்கோயில் 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோதும் அசையாமல் நின்றது.

படகு ஏன் போகவில்லை?

கண்ணாடிப் பாலம் வருவதற்கு முன்பு ஒரு கோடை விடுமுறையில் நடந்ததைச் சொல்கிறேன். விவேகானந்தர் பாறைக்குப் படகு போயிற்று. ஆனால் "வள்ளுவர் சிலைக்கு இன்று படகு இல்லை" என்று அறிவித்துவிட்டார்கள். வானம் தெளிவாக இருந்தது. காற்றும் அதிகமில்லை. வள்ளுவரோ கூப்பிடு தூரத்தில் நிற்கிறார்! ஆறாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்:

"பாட்டா, அலையே இல்லியே. பின்னே ஏன் படகு விடமாட்டங்காவ?"

"அலை இல்லாததினால இல்ல மக்களே, தண்ணி இல்லாததினால" என்றேன்.

"கடல்ல தண்ணி இல்லியா?" என்று எல்லாப் பிள்ளைகளும் சிரித்துவிட்டார்கள். ஆனால் உண்மை அதுதான். கடல் நீர்மட்டம் ஒரு நாளில் இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது. இதற்கு ஓதம் என்று பெயர். சந்திரனும் சூரியனும் கடல்நீரை ஈர்ப்பதால் இது நிகழ்கிறது. சந்திரன் அருகில் இருப்பதால் அதன் பங்கே அதிகம். ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்த உயர் ஓதத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். ஆகவே இன்று காலை 10 மணிக்குத் தண்ணீர் மிகவும் தாழ்ந்திருந்தால், நாளை ஏறக்குறைய 10 மணி 50 நிமிடத்துக்குத் தாழும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சூரியனும் சந்திரனும் ஒரே நேர்க்கோட்டில் நின்று இழுக்கின்றன. அப்போது ஏற்றமும் அதிகம், இறக்கமும் அதிகம்.

குமரிக் கடலில் இந்த ஏற்றத்தாழ்வு மிகவும் சிறியது. ஒரு மீட்டரை எட்டுவதே அரிது. இருந்தாலும் வள்ளுவர் நிற்கும் பாறையைச் சுற்றி நீருக்கடியில் சிறு பாறைகள் உண்டு. தண்ணீர் ஒரு முழம் தாழ்ந்தாலே படகின் அடிப்பாகம் பாறையில் தட்டும் நிலை வந்துவிடும். ஆகவேதான் அலையடிக்காத நாளிலும் படகை நிறுத்திவிடுகிறார்கள். படகோட்டியிடம் போய்ச் சண்டை போடும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் சண்டை போட வேண்டியது சந்திரனிடம்!

சித்திரைப் பௌர்ணமி அன்று குமரியில் ஒருபுறம் சூரியன் மறைவதையும் மறுபுறம் சந்திரன் உதிப்பதையும் ஒருசேரக் காணலாம் என்று நம்மவர்கள் அந்த நாளைத் தேடிப் போகிறார்கள். நல்ல காட்சிதான். ஆனால் அதே நாள் ஓதம் மிகுந்த நாளும் ஆகும். படகு தாமதமாகலாம் என்று மனத்தில் வைத்துக்கொண்டே புறப்படுங்கள்.

ஒரு பிரெஞ்சுத் தீவும் நம் பாறையும்

ஒரு மீட்டர் ஓதத்துக்கே இந்தப் பாடு என்றால், 14 மீட்டர் ஓதம் வரும் இடம் எப்படி இருக்கும்? பிரான்சு நாட்டின் வடமேற்குக் கரையில் மோன் சேன் மிஷேல் என்ற சிறு தீவு இருக்கிறது. பாறை மேல் பழைய மடாலயம். கீழே குறுகிய தெருக்கள். ஆண்டுக்கு 25 இலட்சம் பேருக்கு மேல் பார்க்க வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போலவே ஒரு நாள் பயணிகள். அங்கே தண்ணீர் இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் மணல்வெளி. ஏறினால் சுற்றிலும் கடல். ஓத நேரம் தெரியாமல் மணலில் நடந்த யாத்திரிகர்கள் முற்காலத்தில் பலர் உயிரிழந்திருக்கிறார்கள்.

அந்தத் தீவிலிருந்து பொறியாளர் கற்க வேண்டிய பாடமும் உண்டு. 1879இல் கரையையும் தீவையும் இணைத்து மண்ணும் கல்லும் கொட்டி மேட்டுச்சாலை போட்டார்கள். போக்குவரத்து எளிதாயிற்று. ஆனால் சாலை கடல்நீரின் ஓட்டத்தைத் தடுத்தது. அதனாலும், சுற்றுப்புறத்தில் செய்த மற்ற மாற்றங்களாலும் மணலும் சேறும் படிந்து, தீவு மெல்ல மெல்லக் கரையோடு ஒட்டத் தொடங்கியது. நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் சாலையை அகற்றிவிட்டுத் தூண்கள் மீது பாலம் கட்டினார்கள். 2014இல் அது திறக்கப்பட்டது. தண்ணீர் போகும் வழியை அடைத்தால் தண்ணீர் வேறு கணக்குப் பார்க்கும். ரயில் பாதைக்கு அடியில் சிறு மதகு வைக்கும்போது கூட நாங்கள் முதலில் கற்ற பாடம் இதுவே.

வில்லும் நாணும்

நம் இரு பாறைகளுக்கும் இடையே இப்போது பாலம் இருக்கிறது. 2024 டிசம்பர் 30ஆம் நாள் தமிழக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் திறந்து வைத்த கண்ணாடிப் பாலம் அது. நீளம் 77 மீட்டர், அகலம் 10 மீட்டர், செலவு 37 கோடி ரூபாய். பிள்ளைகளெல்லாம் கண்ணாடி வழியே கீழே கடலைப் பார்ப்பார்கள். மேலேயும் பாருங்கள் என்று நான் சொல்வது வழக்கம். மேலே இருபுறமும் வளைந்து நிற்கும் இரும்பு வளைவில்தான் பாலத்தின் உயிர் இருக்கிறது.

வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். தென்னை ஈர்க்கு ஒன்றை வளைத்து இரு முனைகளையும் மேசை மேல் ஊன்றுங்கள். மேலே விரலால் அழுத்தினால் முனைகள் இரண்டும் வெளிப்பக்கம் வழுக்கி ஓடும். இப்போது இரு முனைகளையும் நூலால் இழுத்துக் கட்டுங்கள். மறுபடி அழுத்தினால் முனைகள் ஓடாது, நூல் விறைக்கும். வளைவு வில், நூல் நாண். இதுதான் வில்நாண் பாலம். வளைவு வெளியே தள்ளும் விசையை நாண் தன்னிடமே பிடித்துக்கொள்கிறது. ஆகவே பாறைகளின் மீது பெரும்பாலும் மேலிருந்து கீழான பாரம் மட்டுமே விழுகிறது. நடுக்கடலில் தூண் ஊன்ற வேண்டியதில்லை, நீரோட்டத்துக்கும் தடையில்லை.

இரயில்வேயில் இவ்வகைப் பாலத்துக்குப் பெயர் பெற்றது ராஜமுந்திரியில் கோதாவரி மீது 1997இல் முடிக்கப்பட்ட பாலம். அங்கே ஒவ்வொரு வளைவும் ஏறக்குறைய 97 மீட்டர். அப்படி 28 வளைவுகள். கொல்கத்தா பக்கம் செல்லும் வண்டியில் போகும்போது சன்னலோரம் அமர்ந்து எண்ணிப் பாருங்கள்.

பாலம் வந்த பிறகு, விவேகானந்தர் பாறைக்குப் படகு போனால் போதும். வள்ளுவரிடம் நடந்தே போகலாம். அந்தச் சிறுமியின் குறை தீர்ந்தது. ஆனால் ஓதத்தின் குறைதான் தீர்ந்திருக்கிறது. அதைவிடப் பெரிய ஒன்று கரையிலேயே காத்திருக்கிறது.

கள்ளக்கடல்

நம் பெற்றோர்கள் இந்தப் பகுதியை இருமுறை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2024 மார்ச் 31ஆம் நாள் கேரளக் கரையின் பல இடங்களில், புயலோ மழையோ இல்லாத நேரத்தில், கடல் வீடுகளுக்குள் புகுந்தது. நம் தாலுகாவின் பூவாறு, பொழியூர்க் கரைகளும் அதில் தப்பவில்லை. அடுத்த சில வாரங்களில், மே 6ஆம் நாள், நாகர்கோவிலுக்கு அருகே கணபதிபுரத்தையடுத்த லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துச் சென்றது. ஐவரும் இறந்தனர். படித்தவர்கள், இளைஞர்கள். கடல் எச்சரிக்கைகள் வெளிவந்துகொண்டிருந்த நாட்கள் அவை. ஆனால் கரையில் நின்று பார்க்கிறவனுக்குப் புயலின் அடையாளம் எதுவும் தெரிவதில்லை. இதுவே கள்ளக்கடலின் குணம்.

இந்த அலை எங்கிருந்து வருகிறது? நமக்கு ஏப்ரல், மே கோடை என்றால் பூமியின் தென்பாதியில் அது குளிர்காலத்தை நோக்கிச் செல்லும் பருவம். அண்டார்டிகாவுக்கு வடக்கே உள்ள தென்கடல்களில் அப்போது பெரும் புயல்கள் வீசுகின்றன. அங்கே எழும் அலைகளில் நீண்டவை மட்டும் சிதையாமல் பல ஆயிரம் கி.மீ. பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேர்கின்றன. கோயில் குளத்தில் கல்லை எறிந்து பாருங்கள். கல் விழுந்த இடம் அமைதியான பிறகுதான் வளையம் படிக்கட்டை வந்து தொடும். கல் எறிந்தவன் வீட்டுக்குப் போயிருப்பான். படியில் நிற்பவன் கால்தான் நனையும்.

வேகத்தைக் கணக்கிடப் பிள்ளைகளுக்கு ஓர் எளிய வழி உண்டு. ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே உள்ள நேரத்தை நொடியில் எடுத்து 2.8ஆல் பெருக்குங்கள். ஆழ்கடலில் அந்த அலைக்கூட்டம் மணிக்கு எத்தனை கி.மீ. வேகத்தில் வந்தது என்பது கிடைக்கும். இடைவெளி 18 நொடி என்றால் வேகம் மணிக்கு ஏறக்குறைய 50 கி.மீ. ஒரு நாளைக்கு 1,200 கி.மீ. ஐந்து நாளில் 6,000 கி.மீ.! அசாமின் டிப்ருகட்டிலிருந்து நம் ஊர் வழியாகக் கன்னியாகுமரிக்கு ஓடும் விவேக் விரைவு வண்டியின் பாதை நம் நாட்டிலேயே மிக நீண்டது, 4,000 கி.மீ.க்கு மேல். அதன் சராசரி வேகமும் ஏறக்குறைய இதே அளவுதான். கள்ளக்கடலோ அதைவிட நீண்ட தூரம் வருகிறது. வழியில் எந்த நிலையத்திலும் நிற்பதுமில்லை.

ஆழ்கடலில் இந்த அலை அரை கி.மீ. நீளமும் கொஞ்சம் உயரமும் கொண்டு பரந்து கிடக்கும். அதன் மேல் மிதக்கும் படகு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும், அவ்வளவுதான். கரையை நெருங்கி ஆழம் குறையும்போது அலையின் வேகம் குறைகிறது, நீளம் சுருங்குகிறது, உயரம் கூடுகிறது. பின்னால் வரும் தண்ணீரெல்லாம் மேலே ஏறுகிறது. அந்த நேரம் உயர் ஓதமும் சேர்ந்துவிட்டால், எப்போதும் நனையாத பாறையும் மணலும் நனைந்துவிடும்.

மக்கள் ஏமாறுவது எங்கே? அலைகளுக்கு இடையே உள்ள நீண்ட இடைவெளியில்தான். சாதாரணக் காற்றலை ஆறேழு நொடிக்கு ஒருமுறை வந்து கொண்டேயிருக்கும். நாமும் எச்சரிக்கையாக இருப்போம். நீண்ட அலையில் பதினைந்து, இருபது நொடி கடல் சும்மா இருப்பதுபோல் தோன்றும். பெரிய அலைகள் சில சேர்ந்து வந்துவிட்டுப் பிறகு சில நிமிடங்கள் ஒன்றும் வராமலும் இருக்கும். "இப்ப அமைதியா இருக்கு, வா ஒரு போட்டோ எடுப்போம்" என்று பாறையில் இறங்குவது அந்த இடைவெளியில்தான். திரும்பி ஏறுவதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிடும். வந்த அலையைவிடத் திரும்பிப் போகும் அலைதான் ஆளை இழுக்கும்.

சொல்லே பாடம்

முன்பு இரண்டு மொழியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? நம் பிள்ளைகள் பள்ளியில் 'வேலியேற்றம், வேலியிறக்கம்' என்று மலையாளத்தில் படிப்பதைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 'உயர் ஓதம், தாழ் ஓதம்' என்று படிக்கிறார்கள். சொல் வேறு, கடல் ஒன்று. ஆனால் 'கள்ளக்கடல்' என்ற சொல்லை மொழிபெயர்க்கவே வேண்டாம். கள்ளன், கடல் இரண்டும் இரு மொழிக்கும் பொதுவானவை. சொல்லாமல் கொள்ளாமல் வந்து கொண்டுபோகும் கடல் என்று சொல்லே விளக்கிவிடுகிறது. இது ஆய்வுக்கூடத்தில் பிறந்த சொல் அன்று. நம் கரை மீனவர்கள் வைத்த பெயர். 2012இல் யுனெஸ்கோ இச்சொல்லை அறிவியல் வழக்குக்கு ஏற்றுக்கொண்டது. இன்று உலகின் கடலியல் அறிஞர்கள் இதே சொல்லை எழுதுகிறார்கள்.

வீட்டில் தமிழ் எதற்கு, பள்ளி மொழி போதாதா என்று கேட்கும் பெற்றோர்கள் சிலர் நம்மிடையே உண்டு. வள்ளுவர் சிலையின் பீடத்துக்குள் சுவரில் குறள்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே நின்று எழுத்துக் கூட்டி ஒரு குறளைப் படித்து முடித்த பிள்ளையின் முகத்தை ஒருமுறை பாருங்கள். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டீர்கள்.

புறப்படுமுன் கவனிக்க

1. ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் கள்ளக்கடல் எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடுகிறது. செய்தித்தாளிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வரும். ஏப்ரல், மே மாதங்களில் புறப்படுவதற்கு முந்தைய இரவு அதைக் கேளுங்கள். எச்சரிக்கை இருந்தால் பயணத்தை வேறு நாளுக்கு மாற்றுங்கள். பாறை எங்கும் போய்விடாது.

2. நாட்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி பார்த்துக்கொள்ளுங்கள். அந்நாட்களில் படகு நிற்கலாம். கரையில் அலை மேலேயும் ஏறலாம்.

3. படகு இல்லை என்றால் இல்லைதான். படகுக்காரரை வற்புறுத்த வேண்டாம். தரும் மிதவைச் சட்டையைப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, கட்டவேண்டிய கயிற்றையும் கட்டுங்கள்.

4. கடலில் கால் நனைக்க விரும்பினால் உள்ளூர் மக்கள் இறங்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். ஈரமான பாறையில் ஏற வேண்டாம். பாறை ஈரமாக இருக்கிறது என்றால் அலை அதுவரை வந்துவிட்டுப் போயிருக்கிறது என்று பொருள்.

5. இறங்குமுன் கரை மேட்டில் பத்து நிமிடம் உட்காருங்கள். கடலுக்கு முதுகைக் காட்டி நிற்பதும் படம் எடுப்பதும் வேண்டாம்.

6. கடல் திடீரென்று வெகுதூரம் உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க இறங்காதீர்கள். உடனே மேட்டை நோக்கி ஓடுங்கள். 2004இல் குமரிக் கரையில் அப்படித்தான் முதலில் கடல் உள்வாங்கியது. அது ஓதமும் அன்று, கள்ளக்கடலும் அன்று, ஆழிப்பேரலை.

7. யாராவது அலையில் சிக்கினால் நீந்தத் தெரியாதவர் பின்னால் குதிக்கக் கூடாது. கயிறு, காலிக் குடம், மிதக்கும் எதையாவது எறிந்துவிட்டு மீனவர்களைக் கூப்பிடுங்கள்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

கரை மேட்டில் உட்காரும் அந்தப் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டியவை இவை. கைக்கடிகாரம், குறிப்பேடு, பென்சில் போதும். பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

அ. ஓர் அலை உடையும் நேரத்தில் கடிகாரத்தைப் பாருங்கள். அதற்குப் பின் பத்தாவது அலை உடையும்வரை எத்தனை நொடி ஆயிற்று? அதைப் பத்தால் வகுத்தால் வருவது என்ன?

ஆ. வந்த விடையை 2.8ஆல் பெருக்குங்கள். அந்த அலைக்கூட்டம் மணிக்கு எத்தனை கி.மீ. வேகத்தில் வந்தது? பாறசாலையிலிருந்து நீங்கள் வந்த ரயிலைவிட வேகமா, மெதுவா?

இ. இடைவெளி பதினைந்து நொடிக்கு மேல் வந்தால் என்ன செய்வீர்கள்? (இதற்கு மட்டும் விடையை இப்போதே சொல்லிவிடுகிறேன்: அன்று தண்ணீரில் இறங்கக் கூடாது. இடைவெளி குறைவாக இருந்தாலும், எச்சரிக்கை இருந்தால் இறங்கக் கூடாது.)

ஈ. படகுத்துறைத் தூணில் ஈரம் எதுவரை இருக்கிறது என்று காலையில் ஒரு முறையும் திரும்பும்போது ஒரு முறையும் பாருங்கள். கடல் ஏறுகிறதா, இறங்குகிறதா?

உ. கண்ணாடிப் பாலத்தில் வில் எது, நாண் எது? படம் வரைந்து குறியுங்கள்.

ஊ. பீடத்துச் சுவரில் உள்ள குறள்களில் ஒன்றைப் பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள். அதன் பொருளை வீட்டில் பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேட்டு எழுதுங்கள்.

விடைகளைத் தமிழில், சொந்தக் கையெழுத்தில் எழுதிச் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் கொண்டுவந்து கொடுங்கள். எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தருகிறேன். கணக்குப் பிழைகளை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.